வாய்க்கால் பாலம் வரைக்கும்

1

அந்தச் சனிக்கிழமை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனை ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் என் கைப்பேசிக்கு ஒரு காணொளியை அனுப்பி, "உங்கள் பையன்தானே? அழகாகப் பேசுகிறான்" என்று கீழே எழுதியிருந்தாள்.

மரப்பலகை பதித்த பழைய அறை. நாற்காலிகள் நிறைந்திருந்தன. நான் வாங்கிக்கொடுத்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் மகன் ஆறுமுகம் பேசிக்கொண்டிருந்தான். அது என் மாமனாரின் பெயர். பல்கலைக்கழகத்தில் அவன் 'ஆரி'. அங்கே பழமைவாத மாணவர் வட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறான் என்பதும், கூட்டங்களில் பேசுகிறான் என்பதும் எனக்குத் தெரிந்தவைதான். எங்கள் ஊரைப் பற்றிப் பேசுவான் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

அவன் ஆங்கிலத்தில் பேசியதன் சாரம் இது. "என் அம்மாவின் ஊர் ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு சமூகத்தின் பொறுப்பு. இதை எந்த அரசும் வகுக்கவில்லை, எந்த நிபுணரும் திட்டமிடவில்லை. நான்காம் நாள் என் மாமாவுடையது. சாமி போகும் பாதையை மாற்றச் சொல்லி ஒருவர் அவரிடம் கேட்க வந்தார். அவரை உட்காரவைத்தோம். நாங்கள் குடித்த அதே மாதிரிக் கோப்பையில் அவருக்கும் காப்பி வந்தது. மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்போது முடியாது என்றார். யாரும் குரலை உயர்த்தவில்லை. இந்த நாகரிகத்தைத்தான் நாம் காப்பாற்ற நினைக்கிறோம்."

கைதட்டல் எழுந்தது.

பாதி மடித்த சட்டை மடியில் கிடக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்று நானும் அந்த அறையில்தான் இருந்தேன். பொய் சொல்லியிருந்தால் ஃபோனில் கூப்பிட்டுத் திட்டியிருப்பேன். கண்ணால் கண்டதை அப்படியே சொல்லியிருந்தான். காணொளியை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினேன்.

2

நம் ஊர்ப் பத்திரிகைகளில் 'பழமைவாதி' என்பது வசவு. இங்கிலாந்தில் அதைத் தங்கள் தொழிலைச் சொல்வது போல இயல்பாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது பிடிபடவில்லை. இப்போது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே அதில் மூன்று நான்கு வகை உட்கார்ந்திருக்கிறது.

மகன் ஒருமுறை விளக்கினான். அவன் தமிழ் என் வாய்வழி வந்த நெல்லைத் தமிழ். "மனுசன் எல்லாம் தெரிஞ்சவன் இல்லம்மா. அவன் காகிதத்துல போடுத திட்டத்தை நம்பி, நூறு வருசமா நிக்கதை இடிச்சிறக் கூடாது. குடும்பம், கோயில், தெரு, நாடு, இதெல்லாம் யாரும் ஒரே நாள்ல செஞ்சது இல்ல. மாத்தலாம், ஆனா பையத்தான் மாத்தணும்."

கேட்கையில் எனக்கு மறுப்பே தோன்றவில்லை. எந்த அம்மா இதை மறுப்பாள்?

என் கணவரும் இங்கே பழமைவாதக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறார். அவருக்குக் கோயிலும் தெருவும் பொருட்டில்லை. மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவருடைய பழமைவாதம் கடை வாசலில் தொடங்கி அங்கேயே முடிகிறது. "கடையத் திறக்க, மூட, ஆளெடுக்க, எல்லாத்துக்கும் ஒருத்தன் வந்து எழுதிக் குடுன்னு நிக்கான். நான் கடை நடத்துவனா, காகிதம் நடத்துவனா?" என்பார். அரசாங்கம் ஒதுங்கி நின்றால் போதும், மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வாதம்.

பக்கத்து வீட்டு ஜூன், கணவரை இழந்தவர், எழுபது தாண்டியவர். அவரும் அதே கட்சி. மழையானாலும் பனியானாலும் வாரம் தவறாமல் தேவாலயக் கூடத்தில் வீடில்லாதவர்களுக்குச் சூப் ஊற்றுகிறார். இருப்பவன் இல்லாதவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் கடவுள் அவனை இருப்பவனாக வைத்திருக்கிறார் என்பது அவர் நம்பிக்கை. எல்லாவற்றையும் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று என் கணவர் சொன்னால், "சந்தை சூப் ஊற்றாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

என் மகனோ போன வருஷத்திலிருந்து இந்த இரண்டையும் தாண்டிப் போய்விட்டான். நாடு, எல்லை, யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் இப்போது அவன் பேச்சு. வெளியிலிருந்து வருகிறவர்களைக் குறைக்க வேண்டும் என்கிறான். அப்பாவும் மகனும் ஒரே கட்சிக்காரர்களாக இருந்துகொண்டு இதில் முட்டிக்கொள்வார்கள்.

"நாலு பேரு வெளியூர்ல இருந்து வரலன்னா என் கடைல மருந்து எவம்லே எடுத்துக் குடுப்பான்? உன் வட்டத்துல இருந்து அனுப்புதியா?"

"நீங்க வந்தது வேறப்பா. இப்ப வருதது வேற."

"என்ன வேற? நான் கப்பல் ஓட்டிட்டா வந்தேன்? நானும் விசா வாங்கித்தாம்லே வந்தேன்."

ஜூன் ஒருநாள் வேலியோரம் என்னிடம் சொன்னார்: "இப்போது ஆரியின் ஆட்கள் கத்துகிறார்கள். நாங்கள் ஒருபோதும் கத்தியதில்லை." அவர் சொன்னதில் வருத்தம் இருந்தது. எனக்கு அதில் பயம் இருந்தது. வெளியில் இருக்க வேண்டியவர்கள் என்று இவன் கோடு கிழித்தால், அந்தக் கோடு எங்கள் வீட்டு வாசலுக்கு எந்தப் பக்கமாகப் போகும் என்று நினைத்துக்கொண்டே சமைப்பேன்.

3

போன பங்குனித் திருவிழாவுக்கு அவனைக் கூட்டிப்போனேன். அதற்கே பெரும்பாடு பட்டேன். விசா இல்லாமல் இந்தியாவுக்குப் போக அவன் வைத்திருக்கும் வெளிநாட்டு இந்தியர் அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கையெழுத்து கட்டத்தின் கோட்டைத் தொட்டுவிட்டது என்று ஒருமுறை திருப்பினார்கள். நெற்றியில் நிழல் விழுகிறது என்று இன்னொரு முறை. இரண்டாம் முறை கண்ணாடித் தடுப்பின் முன்னால் நின்று நான் முணுமுணுத்தபோது, "விதின்னா விதிதாம்மா. சும்மா எல்லாரையும் உள்ள விட முடியுமா?" என்றான். தன்னைத் திருப்பி அனுப்பியதையே மெச்சிக்கொண்டவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற பஞ்சாபிக்காரர் சிரித்துவிட்டார்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. எழுதினால் அண்ணன் வருந்துவான்.

அண்ணன் சங்கரன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நிலமெல்லாம் அப்பா காலத்திலேயே போய்விட்டது. மிஞ்சியது நாலாந் திருநாள் மண்டகப்படி. அன்றைக்கு அபிஷேகமும் சாமி வீதிவலம் வரும் சப்பரமும் எங்கள் வீட்டுச் செலவு. கோயிலில் வைத்து, சாமிக்குச் சாத்திய பட்டை எங்கள் வீட்டு மூத்த ஆணின் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார்கள். அண்ணன் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களை வாழ்கிறான் என்று அவன் மனைவி, என் மதினி, கேலி செய்வாள்.

அண்ணன் கெட்டவன் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் கீழத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். அங்கே இருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக எங்கள் வயல்களில் வேலை செய்த தலித் குடும்பங்கள். கோயில் வெளி மண்டபத்தைத் திறக்கச் சொல்லி, அவர்களைத் தங்கவைத்து, தண்ணீர் வடியும் வரை உலை இறக்காமல் சோறு போட்டவன் அவன். ஜூன் பார்த்திருந்தால் அவனைத் தன் தேவாலயத்தில் சேர்த்துக்கொண்டிருப்பார்.

4

நாலாந் திருநாளுக்கு முந்தின நாள் காலை. கீழத்தெருவிலிருந்து செல்வி டீச்சர் அண்ணனைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவராக இருக்கலாம்.

ஆறுமுகம் சட்டென்று எழுந்து தன் நாற்காலியைக் காட்டி, "நீ இங்கன உக்காரு" என்றான்.

நான் முந்திக்கொண்டேன். "டீச்சர், அவனுக்குத் தமிழ் அவ்வளவுதான். என்னையும் நீன்னுதான் கூப்பிடுவான்" என்றேன்.

"பரவால்லம்மா" என்று டீச்சர் சிரித்தார். "இந்த வீட்டுல இது என்ன புதுசா?"

அண்ணன் செருமிக்கொண்டான். மதினி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். டீச்சருக்கு, அண்ணனுக்கு, எனக்கு, ஆறுமுகத்துக்கு, ஒரே மாதிரிக் காகிதக் கப்பில்.

டீச்சர் நேராக விஷயத்துக்கு வந்தார். "சார், நாளைக்கு உங்க மண்டகப்படி. சப்பரம் வாய்க்கால் பாலத்துகிட்ட வந்து திரும்பிருது. பாலத்தைத் தாண்டி எங்க தெரு முக்கு வரைக்கும் வரணும். அங்கன நின்னு நாங்க ஒரு தேங்கா உடைச்சிக்கிடுவோம். அவ்வளவுதான். உங்க ஒரு நாள் மட்டும் போதும்."

"வழக்கம் இல்லியேம்மா."

"அதனாலதான கேக்க வந்திருக்கேன். இருந்தா எதுக்குக் கேக்கப் போறேன்?"

அண்ணனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னான்: "பாரும்மா, இந்தப் பாதை எங்க பாட்டன் காலத்துக்கும் முந்தி வகுத்தது. ஏன் அங்கன திரும்புதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரியாததுனாலதான் கைவைக்கப் பயமா இருக்கு. ஒரு திருப்பத்தை மாத்துனா, நாளைக்கு ஒம்பது தெருக்காரன் வந்து நிப்பான். பெறவு யாரு பகையைச் சம்பாதிக்க? நீங்க கோயில் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க."

"குடுத்தாச்சு சார். மண்டகப்படிக்காரவுக சம்மதம் கொண்டாங்கன்னாவ. கோர்ட்டுக்குப் போலாம்னு எங்க தெருப் பையனுக சொல்லுதானுவ. நான்தான் வேண்டாம்னேன். போலீஸ்காரன் கூட்டிட்டு வந்தா அது ஊர்வலம். நீங்க கூட்டிட்டு வந்தாத்தான் சாமி."

"அது சரி. எதுக்கும் ஒரு காலம் வரணும்லா? பையப் போவோம்."

"பையத்தான் சார் கேக்கோம். மொதல்ல எங்க அப்பா உங்க அப்பாட்ட கேட்டாவ. இப்ப நான் கேக்கேன்." டீச்சர் கப்பைக் கீழே வைத்தார். "வெள்ளத்துல நாங்க கோயிலுக்கு வரலாம். வெள்ளம் வடிஞ்ச பெறவு சாமி எங்க தெருவுக்கு வரக் கூடாதா?"

அண்ணன் பேச்சை மாற்றினான். கொஞ்ச நேரம் மழை, பள்ளிக்கூடம் என்று பேச்சு போயிற்று. "காப்பி நல்லா இருந்துச்சு" என்று மதினியிடம் சொல்லிவிட்டு டீச்சர் புறப்பட்டார்.

மறுநாள் மாலை ரிஷப வாகனத்தில் சாமி வந்தார். வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் சப்பரம் நின்றது, மேளம் முழங்கியது, திரும்பியது. அந்தப் பக்கம் ஜனங்கள் தட்டுகளோடு நின்றிருந்தார்கள். ஆறுமுகம் மாமாவின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாமே அழகாக இருந்தது. அந்தப் பக்கம் நின்றவர்களும் அவன் படத்தில் அழகாகவே விழுந்திருந்தார்கள்.

5

காகிதக் கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்று காலையிலிருந்து வந்த உறவினர் எல்லோருக்கும் மதினி எவர்சில்வர் டம்ளரில்தான் காப்பி கொடுத்தாள். முன்பெல்லாம் கீழத்தெருவிலிருந்து வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் இருந்தது. பின்கட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். காலம் மாறியது. படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள் வருகிறார்கள். தனி டம்ளரை நீட்ட மதினிக்கே கூச்சம். வீட்டு டம்ளரைக் கொடுக்கவும் மனசு வரவில்லை. அதனால் அவர்கள் வரும்போது மட்டும் வீட்டில் எல்லோருமே காகிதக் கப்பில் குடிப்பது என்று ஒரு வழக்கம் உண்டாகியிருக்கிறது. அவர்கள் போனதும் கப்புகளைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். டம்ளர் தப்பித்தது, மரியாதையும் தப்பித்தது.

இதைத்தான் என் மகன் சமத்துவம் என்று பார்த்தான். இதற்குத்தான் மரப்பலகை அறையில் கைதட்டினார்கள்.

6

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவனிடம் கப்பைப் பற்றிச் சொன்னேன்.

எதிர்பார்த்தபடி அவன் வாதத்தைத் தொடங்கினான். "ஆனா பாரும்மா, தனி டம்ளர்ல இருந்து கப்புக்கு வந்திருக்காங்கல்லா? யாரும் சட்டம் போடல. கப்புல இருந்து டம்ளருக்கும் ஒருநாள் வருவாங்க. காப்பாத்தணும்னா கொஞ்சம் மாத்தத்தான் வேணும்னு எங்க ஆட்கள்லயே ஒரு கூட்டம் சொல்லுது. ஒண்ணையும் தொடாதன்னு இன்னொரு கூட்டம் சொல்லுது. ரெண்டும் ஒண்ணு இல்ல."

"உன் மாமா எந்தக் கூட்டம்?"

"தொடாத கூட்டம்."

அப்போதுதான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் உமா, ஆறுமுகத்துக்கு மதினி முறை, பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியை. வருகிற பங்குனியில் பரிவட்டத்தை ஆறுமுகத்துக்குக் கட்டி, பொறுப்பை அவனிடம் ஒப்படைக்க அண்ணன் ஆசைப்பட்டான். திருவிழா அழைப்பிதழில் இவன் பெயரைப் போடலாமா என்று என்னிடம் கேட்டிருந்தான்.

மகனின் முகம் அப்படி மலர்ந்ததை அவன் பத்து வயதுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. இங்கே பிறந்தவன், எங்கேயாவது தனக்கு ஓர் இடம் எழுதிவைத்திருக்க வேண்டும் என்று இவ்வளவு நாளும் தேடிக்கொண்டிருந்தானோ என்னவோ. அவனுடைய எல்லை, நாடு என்ற பேச்செல்லாம் எங்கிருந்து முளைத்தது என்று அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

"மகன் வழிக்கு மட்டுந்தானம்மா அது? நான் தங்கச்சி மகன்லா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'தங்கச்சி மவனுக்குக் கட்டுத வழக்கம் இல்லதான் கோமதி, ஆனா காலத்துக்குத் தக்கன நாமளும் கொஞ்சம் வளையணும்லா'ன்னான்."

"உமா மதினிக்கு?"

"அந்த அளவுக்கு வளையாதாம்."

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். வெளியே ஜூன் உறைபனியில் நடைபாதைக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தார். எங்கள் வாசலுக்கும் சேர்த்துத்தான்.

"அப்ப மாமாவுக்கு வளைக்கத் தெரியுது" என்றான், கண்ணாடியைப் பார்த்தபடி.

7

மறுநாள் காலை அவனே அண்ணனைக் கூப்பிட்டான். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். என்ன பேசப்போகிறான் என்று என்னிடம் சொல்லவில்லை.

"என்ன மருமவனே! எப்பம் டிக்கெட்டு போடுத?"

"மாமா, பரிவட்டம் எனக்கு ரொம்ப ஆசைதான். ஒண்ணு கேக்கணும். சப்பரம் பாலத்தைத் தாண்டிப் போலாமா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "மொதல்ல கட்டிக்க. ஊரு பழகட்டும். பெறவு பார்ப்போம்."

"பாலத்தைத் தாண்டுன பெறவு கட்டிக்கிடுதேன் மாமா."

சிரிப்பு நின்றது.

"ஃபோனை உங்கம்மாட்ட குடு."

வாங்கினேன். "ஏட்டி கோமதி, நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்லண்ணே."

"நீ சொல்லிக் குடுத்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. அவன்தான் ஒருத்தன் இதோட அருமை தெரிஞ்சவன்னு நெனைச்சேன். சரி. நான் வேற ஆளைப் பார்த்துக்கிடுதேன்."

அதன் பிறகு அண்ணன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் மதினி எடுத்து, அவர் குளிக்கிறார், கோயிலுக்குப் போயிருக்கிறார் என்கிறாள். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழ் வந்தது. நாலாந் திருநாளில் சென்னையில் இருக்கும் ஒரு தூரத்துப் பங்காளியின் பெயர். உறவினர்கள் கைகூப்பும் படங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஆறுமுகமும் ஒன்று போட்டிருந்தான்.

அவன் கட்சி மாறவில்லை. இதை எழுதாவிட்டால் நேர்மையாக இருக்காது. வட்டத்துக்குப் போகிறான், வெளியிலிருந்து வருகிறவர்களைக் குறைக்க வேண்டும் என்று இன்னும் பேசுகிறான், அப்பாவோடு இன்னும் சண்டை பிடிக்கிறான். ஊரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நான் ஒருமுறை வாயைக் கிளறியபோது, "மாமா சாமியைக் காப்பாத்தலம்மா. அந்தத் திருப்பத்தைத்தான் காப்பாத்துதாவ" என்றான். அண்ணனைக் குறைசொன்னது பொறுக்காமல், நீ இங்கே காப்பாற்றுவது எதை என்று கேட்க வாயெடுத்தேன். அவன் கண் கலங்கியிருந்தது. கேட்கவில்லை.

விடுமுறைக்கு வந்திருப்பவன் நேற்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னான், டிக்கெட் எடுத்துவிட்டானாம். திருவிழாவுக்குப் போகிறானாம்.

"பரிவட்டம்தான் இல்லைன்னு ஆயிட்டே. எங்க போய் நிப்ப?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம். செல்வி டீச்சர்ட்ட பேசிட்டேன். வாங்க தம்பின்னாவ."

என் கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். எனக்குக் கண்முன்னே எல்லாம் ஓடியது. சப்பரத்தின் முன்னால் வரும் அண்ணனின் முகம். எதிர்க்கரையில் தட்டோடு நிற்கும் அவன் மருமகன். சொந்தக்காரர்களின் பேச்சு. பேச்சோடு நின்றுவிடாத நாலு வாலிபப் பிள்ளைகள். தமிழில் ஒரு சொல் பிசகினாலே தப்பாகப் போகும் இடம். அங்கே எவனாவது கையை ஓங்கினால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அதன் பிறகு அந்த வீட்டு வாசலை நான்தான் மிதிக்க முடியுமா?

"இந்த வருசம் வேண்டாம்யா" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் போல என் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப எந்த வருசம்மா?"

அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். சொல்வதற்கு என்னிடம் ஒரு வருஷமும் இல்லை.